அந்தப் பக்கம் போன சூடு

கொழும்புல நான் வேல செய்யிற கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு ஒரே கேள்வியத்தான் கேப்பாங்க. "வெளிய பெட்டி வைக்காம ஏசி போட முடியுமா?" மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கிறவங்க. சுவத்துல ஆணி அடிச்சாலே வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துருவாரு. பால்கனி இருக்காது, இருந்தாலும் அதுல துணி காயும். நான் சிரிச்ச முகமா ஆரம்பிப்பேன். முடியும் சார், தாராளமா முடியும். சக்கரம் வச்சது ஒண்ணு இருக்கு, தும்பிக்கை மாதிரி ஒரு குழாயோட வரும், அதை ஜன்னலுக்கு வெளிய விட்டா போதும். இல்லன்னா சுவத்துல ரெண்டு ஓட்டை போட்டு உள்பக்கமாவே மாட்டுறது ஒண்ணு இருக்கு, வெளியில இருந்து பாத்தா ரெண்டு வட்ட மூடிதான் தெரியும். பழைய ஜன்னல் பெட்டியும் இருக்கு, சத்தம்தான் கொஞ்சம் கூட. தண்ணி ஊத்துற கூலர் மட்டும் வேணாம், இந்த ஊர்க் காத்துக்கு அது வீட்டை ஈரமாக்குறதோட சரி.

இதையெல்லாம் சொல்லிட்டு கடைசியா ஒண்ணு சொல்லுவேன். "உள்ள குளிர் வருதுன்னா இங்க இருந்த சூடு எங்கேயோ போகுதுன்னு அர்த்தம் சார். அது எங்க போகுதுன்னு மட்டும் பாத்துக்கங்க." ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுற வசனம் இது. எங்க வீட்டுல, எங்க அப்பாவுக்கு, என் கையால அந்த மெஷின மாட்டுன அன்னைக்கு இது எனக்கு ஞாபகம் வரல. வரலன்னு சொல்றதும் பொய். வந்துச்சு. நான்தான் கண்டுக்கல.

நாங்க இருக்கிற தேயிலைத் தோட்டம் மலையில, திம்புள்ளப் பக்கம். அங்க ஏசி போட்டேன்னு சொன்னா கடையில கூட வேல செய்யிற பசங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பானுங்க. "குளிருல நடுங்குற ஊருக்கு ஏசியா மச்சான்?" சிரிக்கிறவன் ஒருத்தனும் பங்குனி மாசம் மத்தியானம் லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன தொழிலாளி வீட்டுல, தகரத்துக்குக் கீழ ஒரு மணி நேரம் படுத்துப் பாத்ததில்ல. காலையில பல்லு கிட்டும், உண்மைதான். பதினொரு மணிக்கு மேல தகரம் காய ஆரம்பிச்சா சாயங்காலம் மழை இறங்குற வரைக்கும் காம்பரா வீட்டுக்குள்ள மனுசன் இருக்க முடியாது. மத்தவங்களுக்குப் பரவாயில்ல, மலைக்குக் கொழுந்து எடுக்கப் போயிடுவாங்க, ஸ்கூலுக்குப் போயிடுவாங்க. எங்க அப்பா எங்க போவாரு?

அப்பா இஸ்டோர்ல, அதான் தேயிலை ஃபேக்டரியில, கொழுந்து காய வைக்கிற அடுப்புக்கு விறகு போடுற ஆளா இருந்தாரு. ஒரு நாள் அடுப்புக் கதவத் தொறந்தப்ப நெருப்பு வெளிய அடிச்சு முதுகு, நெஞ்சு, ரெண்டு கை எல்லாம் வெந்துருச்சு. உசுரு தப்புனது பெரிய விசயம். புண்ணு ஆறி புதுத் தோலு வந்துச்சு. ஆனா அந்தத் தோலுல வேர்க்காது. வேர்க்காட்டி உடம்புச் சூடு வெளிய போகாதுன்னு டாக்டர் சொன்னாரு. அப்பறந்தான் எங்களுக்கே வேர்வையோட அருமை தெரிஞ்சுச்சு. மத்தியானம் ஆனா அப்பாவுக்குத் தலை சுத்தும், முதுகு அரிக்கும், சொறியவும் முடியாது, மூச்சு வாங்கும். இஸ்தோப்புல, அதான் முன் வாசல் நடையில, வந்து உக்காந்தா வெயில் நேரா அடிக்கும். ஈரத்துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு சுவத்துல சாஞ்சு கண்ண மூடிக் கெடப்பாரு.

அந்த நேரத்துல அவருக்குத் துணை பக்கத்துக் காம்பரா அத்தைதான். அம்மா காலையில கொழுந்து எடுக்கப் போனா சாயங்காலந்தான் வருவாங்க. அத்தைக்கு புருசன் இல்ல, மகள் கட்டிக் குடுத்துக் கொழும்புல இருக்கா. பென்சன் எடுத்துட்டு வீட்டோட இருந்தாங்க. சொந்த அத்தை இல்ல. அப்பா அவங்கள அக்கான்னு கூப்பிடுவாரு, அதனால எனக்கு அத்தை, நான் அவங்களுக்கு மருமகன். "எம் மருமகன் கொழும்புல பெரிய ஆளு"ன்னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிவாங்க. மணிக்கு ஒரு தரம் வந்து அப்பா தோள்ல இருக்கிற துண்ட நனைச்சுப் போட்டுட்டுப் போவாங்க. அதுக்கு ஒரு நாளாவது நான் நன்றி சொல்லியிருப்பேனா? இல்ல. அத்தைதானேன்னு விட்டுட்டேன்.

முதல்ல நான் அப்பாவுக்கு அனுப்புனது கூலர். ஆமா, எல்லாருக்கும் வேணாம்னு சொல்லுற அதே கூலர். கடையில யாரும் வாங்காம கெடந்துச்சு, தூக்கிட்டுப் போன்னாங்க, தூக்கிட்டு வந்தேன். ரெண்டு வாரத்துல காம்பரா சுவர் எல்லாம் கருப்புப் பூஞ்சணம் புடிச்சுச்சு. அப்பா போன்ல, "நல்லா இருக்குடா, ஜில்லுன்னு இருக்கு"ன்னாரு. நான் லீவுல வந்து பாத்தா கூலர் மேல அம்மா உப்பு டின்னும் சீனி டின்னும் அடுக்கி வச்சிருக்காங்க. கேட்டதுக்கு அப்பா தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "நீ கஷ்டப்பட்டு அனுப்புனது"ன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. அவர் மேல இல்ல, என் மேல. ஆனா அவர் மேலதான் கத்துனேன்.

அப்பறம்தான் சக்கரம் வச்ச அந்த மெஷின் கெடச்சுச்சு. கடையில காட்சிக்கு வச்சிருந்தது, பக்கத்துல ஒரு கீறல், அவ்வளவுதான். ஹட்டன் வரைக்கும் பஸ்ஸுல, அங்கிருந்து த்ரீவீல் ஆட்டோவுல, ரோடு முடியிற எடத்துல இருந்து தோள்ல. லயத்துப் பிள்ளைங்க எல்லாம் பின்னாலயே வந்துச்சுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை. மறுநாள் காலையில நான் கடையில நிக்கணும், அதனால நாலு மணி பஸ்ஸப் புடிக்கணும். மாட்டுறதுக்கு எனக்கு இருந்தது மத்தியானம் மட்டுந்தான்.

குழாய எங்க விடுறது? எங்களது லயத்துல கடைசிக் காம்பரா. பின்பக்கம் சமைக்கிற குசினி, குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. பக்கச் சுவத்துல ஒரு ஓட்டை போட்டா வேல முடிஞ்சுச்சு. ஆனா சுவர் தோட்டத்துச் சொத்து, ஆபீஸ்ல கேக்கணும், கேட்டா தர மாட்டாங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். கேக்கவே இல்ல. மிச்சம் இருந்தது முன்பக்க ஜன்னல். அது இஸ்தோப்பப் பாத்து இருக்கு. லயத்து சனம் பூரா அதுல நடக்கும், பிள்ளைங்க அங்க உக்காந்துதான் படிக்கும். போறவங்க வர்றவங்க மூஞ்சியில சூட்டுக் காத்து அடிச்சா, "கொழும்புக்காரன் வீட்டுப் புகையப் பாரு"ன்னு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். வெக்கங்கெட்ட உண்மை அதுதான்.

அதனால பெரிய இஞ்சினியர் மாதிரி ஒரு யோசனை பண்ணேன். டீவிப் பெட்டிக்குள்ள வர்ற வெள்ளை ரெஜிஃபோம் அட்டை கொஞ்சம் கொண்டு வந்திருந்தேன். அதை அப்பா படுக்கிற அறைக்கு மேல பலகை குடுத்துக் கூரை மாதிரி அடிச்சேன், குளிர் மேல போகாம இருக்க. அட்டையில ஒரு வட்டம் வெட்டி, குழாயோட வாய அதுக்கு மேல, தகரத்துக்கும் அட்டைக்கும் நடுவுல விட்டேன். சூடு மேல போயி தகரத்து இடுக்கு வழியா வெளிய போயிடும்னு எல்லாருக்கும் விளக்கம் வேற சொன்னேன். அத்தை வாசல்ல நின்னுக்கிட்டு, "எம் மருமகன் மூளையப் பாத்தீங்களா"ன்னாங்க.

லயத்துல பொறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவுல இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேல ஒரு ஆள் கை நீட்டுற அளவுக்கு இடைவெளி இருக்கும். பக்கத்து வீட்டுல கருவாடு பொரிச்சா நமக்கு வாசம் வரும், அவங்க இருமுனா நமக்குத் தூக்கம் கெடும். நான் அந்த இடைவெளியிலதான் வளந்தேன். அத்தை வீட்டுச் சண்டை, அத்தை புருசன் செத்த அன்னைக்கு அழுகை, எல்லாம் அதுக்கு மேலாலதான் எங்க வீட்டுக்கு வந்துச்சு. எங்க பக்கம் அட்டை போட்டு அடைச்சாச்சு. அந்தப் பக்கம் அட்டை இல்ல. சூடு எங்க போகும்? யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்க. நாலு மணி பஸ்ஸு, நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடிட்டேன்.

அப்பா தூங்குனாரு. அதையும் சொல்லணும். வெந்த நாள்ல இருந்து பகல்ல ஒரு கண்ணு அசராத மனுசன் மெஷின் போட்ட மறுநாள் மத்தியானம் மூணு மணி நேரம் தூங்குனாருன்னு அம்மா போன்ல சொல்லி அழுதாங்க. நானும் கடைக்குப் பின்னால போயி நின்னு அழுதேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

ஒரு மாசம் போயிருக்கும். அப்பா போன்ல ரெண்டு விசயம் சொன்னாரு. ஒண்ணு, "அக்கா பக்கம் ரொம்பச் சூடா இருக்காம்டா. அந்தக் குழாயக் கொஞ்சம் வேற பக்கம் திருப்பலாமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பா, எனக்கு இதுதான் தொழில். வெயில் காலம், எல்லா வீட்டுலயும் சூடுதான். நீங்க கைய வச்சுக் கெடுத்துராதீங்க." என் குரல் இன்னும் எனக்குக் கேக்குது. கடையில விவரம் தெரியாத ஆளு வந்தா பேசுவேனே, அதே குரல்.

ரெண்டாவது விசயம், "அக்காவுக்கு ஞாபக மறதி வந்துருச்சு போல." அத்தைக்கு சீனி வியாதி, தெனமும் இன்சுலின் ஊசி போடணும். வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல. கிளினிக்ல நர்ஸ் சொல்லிக் குடுத்த மாதிரி மண்பானைய ஈரத்துணியில சுத்தி, தண்ணி ஊத்தி, அதுக்குள்ள ஒரு டப்பாவுல மருந்த வச்சிருப்பாங்க. காலையில தண்ணி ஊத்துனா மறுநாள் வரைக்கும் தாங்கும். வருசக்கணக்கா அப்படித்தான். இப்ப என்னன்னா, சாயங்காலம் பாத்தா பானை வறண்டு கெடக்கு. "ஊத்துனேனா, ஊத்தலையா"ன்னு அத்தை தனியாப் பேசிக்கிறது சுவத்துக்கு மேலால அப்பாவுக்குக் கேக்குது. தண்ணி ஊத்துன உடனே முந்தானையில முடிச்சுப் போட்டுப் பாத்தாங்களாம். சாயங்காலம் முடிச்சு இருக்கு, பானையில தண்ணி இல்ல. "முடிச்சு மட்டும் போட்டுட்டுத் தண்ணி ஊத்தாம வந்திருக்கேன் பாரு தம்பி, எனக்குக் கிறுக்குத்தான் புடிச்சுருச்சு"ன்னு அப்பாகிட்ட வந்து சொல்லியிருக்காங்க. நான் கேட்டுட்டு, "வயசாச்சுல்லப்பா"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அப்பறம் கால்ல புண்ணு. கால் சுண்டுவிரல்ல செருப்புக் கடிச்ச ஒரு சின்னப் புண்ணு. சீனி ஏறிக் கெடந்ததால அது ஆறவே இல்ல. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப விரல எடுக்கணும்னுட்டாங்க. டாக்டர் மருந்துக் குப்பியக் கையில வாங்கிப் பாத்துட்டு, இது சூட்டுல கெட்டுப் போன மருந்து, தண்ணியத்தான் ஊசியில போட்டிருக்கீங்கன்னு சிங்களத்துல சொல்லியிருக்காரு. மகள் அதைக் கேட்டுட்டு, "அம்மா பானைக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டாங்க, டாக்டர்"னு சொல்லியிருக்கா. அத்தையும் ஆமான்னு தலையாட்டியிருக்காங்க.

ஆஸ்பத்திரியில பாக்கப் போகலாம்னு நான் லீவு போட்டுட்டு வந்தேன். அத்தைக்கு மாத்துத் துணி எடுத்துட்டுப் போகச் சொல்லி அம்மா சாவியக் குடுத்தாங்க. மத்தியானம் ஒரு மணி. அவங்க கதவத் தொறந்து உள்ள கால் வச்சேன். அப்பிடியே மூஞ்சியில அடிச்சுச்சு.

வெயில் சூடு எனக்குத் தெரியும். இது அது இல்ல. இது காய்ஞ்ச சூடு, நாள் முழுக்க கடையில மெஷினுக்குப் பின்னால நின்னு வேல செய்யிறவனுக்கு நல்லாத் தெரிஞ்ச சூடு. சுவத்துக்கு மேலால கீழ இறங்குது. அதுக்கு நேர் கீழ, எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கிற சுவத்துல, ஒரு பலகை. பலகையில பானை. வெயில் தொடாத சுவர் அது, எலியும் ஏறாது, அதனால அங்க வச்சிருந்தாங்க. பானையச் சுத்துன துணி காஞ்சு முறுக்கிக்கிட்டு நிக்குது. கைய வச்சேன். பானை சுட்டுச்சு. அந்தப் பக்கம் மெஷின் உறுமுற சத்தமும் எங்க அப்பா கொறட்டையும் கேட்டுச்சு.

அட பாவி, அட பாவின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு அங்கேயே உக்காந்துட்டேன். ஒரு செம்புத் தண்ணி எடுத்துப் பானையில ஊத்திட்டு அங்கேயே இருந்தேன். துணிய நனைச்சேன். வாசல்ல விழுந்த வெயில் ஒரு சாண் நகர்றதுக்குள்ள துணி விளிம்புல காய ஆரம்பிச்சுருச்சு. அத்தை ஒரு நாளும் மறக்கல. தெனமும் ஊத்தியிருக்காங்க. தெனமும் நான் குடிச்சிருக்கேன்.

எழும்பி எங்க வீட்டுக்குப் போயி குழாயப் புடுங்கி ஜன்னலுக்கு விட்டேன். அப்பா முழிச்சுக்கிட்டு, "ஏன்டா?"ன்னாரு. "இப்பிடி விட்டா இன்னும் குளிரா இருக்கும்"னேன். வாய் கூசாம சொன்னேன். ஆஸ்பத்திரியில அத்தை கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன். அங்க சொல்லியிருக்கலாம். உடம்பு தேறட்டும், வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு வச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தாங்க. நான் திரும்பவும் லீவு போட்டு வந்தேன், சொல்லத்தான் வந்தேன். கால்ல கட்டோட எழும்பி நொண்டி நொண்டிப் போயி எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. "மருமகனே, என் புத்தி போயிருச்சுடா"ன்னு அழுதாங்க. "விரல் போனதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணி ஊத்துனமா இல்லையான்னு தெரியாத பொம்பள நாளைக்கு அடுப்ப அணைச்சமா இல்லையான்னு தெரியாம லயத்தையே கொளுத்திருவா. மகள் தன்னோட வரச் சொல்றா. கொழும்புல மூணாம் மாடி. போறதுதான் நல்லது போல." நான் தேத்தண்ணியக் குடிச்சேன். நல்ல சாயம், சீனி சரியா இருந்துச்சு, அது கூட ஞாபகம் இருக்கு. "யோசிச்சுச் செய்ங்கத்த"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஏன் சொல்லல? எத்தனையோ தரம் என்னைய நானே கேட்டிருக்கேன். சொன்னா அப்பா அந்த மெஷின ஒரு நிமிசம் போட விட மாட்டாரு, மறுபடியும் ஈரத்துண்டுதான். இது பாதி உண்மை. மீதி என்னன்னா, எம் மருமகன் மூளையப் பாத்தீங்களான்னு சொன்ன வாய், விரல எடுத்தவன் இவன்தான்னு சொல்றத என்னால கேக்க முடியாது. ஒரு கெழவியோட மூளைய வித்து என் மூளையக் காப்பாத்திக்கிட்டேன்.

அதுக்கு இடையில தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். குழாய் இஸ்தோப்புல சூடு ஊதிக்கிட்டு இருந்தா சரிவராதுல்ல. பக்கச் சுவத்துல ரெண்டு ஓட்டை போட்டு, உள்பக்கமா மாட்டுற மெஷின் வைக்கணும்னு சின்ன துரைகிட்ட, அதான் உதவி மேனேஜர்கிட்ட, கேட்டேன். சின்ன வயசு மனுசன். அப்பாவோட காயத்தப் பத்தி ஒரு கேள்வி கேட்டாரு. "போடுங்க, சுத்திச் சாந்து ஒழுங்காப் பூசுங்க"ன்னாரு. ரெண்டு நிமிசம். முதல் நாளே இந்த ரெண்டு நிமிசத்துக்கு நான் போயிருந்தா அத்தை கால்ல அஞ்சு விரலும் இருந்திருக்கும்.

அத்தை போறதுன்னு முடிவான ஞாயித்துக்கிழமை நானும் வந்திருந்தேன். இஸ்தோப்புல மூட்டை மூட்டையா சாமான். மகள் கீழ ரோட்டுல வேன்காரனோட பேசிக்கிட்டு இருந்தா. உள்ள அத்தை சாமி படத்தத் தொடைச்சுத் துணியில சுத்திக்கிட்டு இருந்தாங்க. பானை மட்டும் இன்னும் பலகையில இருந்துச்சு. "அதை நீ எடுத்துக்க மருமகனே. எனக்கு இனி என்னத்துக்கு? மகள் வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்கு. மருந்த அவளே எடுத்துப் போட்டு விடுவா, என்னையத் தொட வேணாம்னுட்டா."

என்னையத் தொட வேணாம்னுட்டா. அதைச் சொல்லும்போது அவங்க குரல்ல கோவம் இல்ல. சரிதான்னு ஒத்துக்கிட்ட குரல். அதுக்கு மேல என்னால முடியல.

"அத்த, நீங்க மறக்கல"ன்னேன்.

"போடா, மனசத் தேத்துறியா?"

"இல்லத்த. நீங்க தெனமும் தண்ணி ஊத்துனீங்க. நான் மேல விட்ட குழாயோட சூடு சுவத்துக்கு மேலால வந்து பானையக் காய வச்சிருச்சு. மருந்து கெட்டதும் அதாலதான். நீங்க ஒரு நாளும் மறக்கல."

அத்தை பானையப் பாத்தாங்க. அதுக்கு மேல இருந்த இடைவெளியப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டல. "உனக்கு எப்பத் தெரியும்?"ன்னாங்க.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

"அப்ப, நான் தேத்தண்ணி குடுத்துட்டு உன் முன்னால உக்காந்து அழுதேனே. அன்னைக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா குடிச்ச?"

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்னுச்சு. அப்பா நிறுத்திட்டாரு. சுவத்துக்கு மேலால எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கு.

அத்தை சாமி படத்தக் கையில வச்சுக்கிட்டே கட்டில்ல உக்காந்தாங்க. "விரல் போனா போகுதுடா. சீனி வியாதிக்காரிக்கு இன்னைக்கு இல்லன்னா நாளைக்குப் போறதுதான். எனக்குக் கிறுக்குன்னு நானே நம்புனேனேடா. ராத்திரியில எழும்பி உக்காந்து என் புருசன் பேரு, மகள் பொறந்த நாளு எல்லாம் ஞாபகம் இருக்கான்னு எனக்கு நானே கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தைடா. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேன்." அப்பறம் என்னைய நிமிந்து பாக்காம, "வெளிய போங்க தம்பி"ன்னாங்க.

போங்க. தம்பி. எனக்கு முப்பத்தாறு வயசு, அந்த வாயால போங்கன்னு நான் கேட்டதே இல்ல.

மகள் வந்து விசயம் தெரிஞ்சு இஸ்தோப்புல வச்சு என்னைய வாங்கு வாங்குன்னு வாங்குனா. லயமே பாத்துச்சு. நான் பயந்த பேச்சு எல்லாம் வந்துச்சு, வட்டியோட வந்துச்சு. நல்லது. அத்தை உள்ள இருந்து ஒரே ஒரு தரம் குரல் குடுத்தாங்க. "மூட்டைய உள்ள எடுத்து வை. நான் எங்கயும் வரல."

சுவத்துல ஓட்டை போட்டுப் புது மெஷின் மாட்டி முடிக்கிற வரைக்கும் அப்பா பழையத அப்பறம் தொடவே இல்ல. அந்த மூணு வாரமும் ஈரத்துண்டோட கெடந்தாரு. அத்தைதான் வந்து நனைச்சுப் போட்டாங்க. எங்கிட்டப் பேசாட்டியும் அதை நிறுத்தல. இப்ப சூடு பக்கச் சுவர் வழியா வெளிய, தேயிலைச் செடிக்கு நடுவுல போகுது. நானே வெளியில நின்னு கையக் காட்டிப் பாத்தேன், ஒரு தரம் இல்ல, பல தரம். ரெஜிஃபோமக் கழட்டிட்டு, ரெண்டு வீட்டுக்கும் மேல பலகைக் கூரையே அடிச்சுக் குடுத்தேன். அத்தை வேணாம்னு சொல்லல. நான் ஏணியில நிக்கும்போது அம்மாகிட்ட, "அவங்கள சாப்பிட்டுட்டு அடிக்கச் சொல்லு"ன்னாங்க. இப்பவும் நான் போனா வாங்கன்னுதான் சொல்லுவாங்க. தேத்தண்ணி குடுப்பாங்க. மருமகன்னு சொல்றதில்ல.

பானை இப்ப அத்தையோட மருந்தோட எங்க வீட்டுல, அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு. லயத்துலயே குளிரான எடம் அதுதான். அந்த அறையில வச்சாலே போதும், தண்ணி எதுக்குன்னு நர்ஸே சொல்லிட்டாங்களாம். கரண்டு போனா வேணுமேன்னு கூட அத்தை ஒரு காரணம் சொல்லல, தெனமும் ஊத்திக்கிட்டுத்தான் இருக்காங்க.

போன ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவோட வீடியோ கால்ல பேசிக்கிட்டு இருந்தேன். போனை அப்பா தலகாணியில சாச்சு வச்சிருந்தாரு, அதனால அறை பூரா தெரிஞ்சுச்சு. அத்தை செம்போட உள்ள வந்தாங்க. நான் போன்ல இருக்கிறது அவங்களுக்குத் தெரியாது. துணிய விலக்கிப் பானையில தண்ணி ஊத்துனாங்க. முந்தானையில முடிச்சுப் போட்டாங்க. அப்பறம் அப்பா பக்கம் திரும்பி, "தம்பி, நான் ஊத்திட்டேன். பாத்தியா?"ன்னாங்க.

"பாத்தேங்க்கா"ன்னாரு அப்பா.

வாசல் வரைக்கும் போனாங்க. நின்னாங்க. திரும்பி வந்து பானைக்குள்ள விரல விட்டுப் பாத்தாங்க. "நெசமாத்தானே ஊத்துனேன்?"